முற்றத்தில் பதிந்த குரல்

மானிப்பாய்
12.05.1993

கனிசியஸுக்கு,

நலமா என்று கேட்டுத் தொடங்க வேண்டும். நான் கேட்கப் போவதில்லை. ஏழு வருடமாக நீயும் கேட்கவில்லை.

நேற்று சைக்கிள் ரியூப் ஒட்டுவதற்காக உன் மாமன் நீக்கிலாப்பிள்ளையின் கடைக்குப் போனேன். அவர் ரியூப்பைத் தண்ணீருக்குள் அமுக்கிப் பிடித்துக்கொண்டு, தலையை நிமிர்த்தாமலே சொன்னார்:

“மாஸ்டர், கேள்விப்பட்டனீங்களோ? எங்கடை கனிசியஸின்ரை பாட்டு நோர்வேயிலை புதுசா வரப்போகுதாம். வெள்ளைக்காரன் ஒருத்தன் செய்து குடுக்கிறானாம்.”

“ஆற்றை பாட்டு?”

“கனிசியஸின்ரை பாட்டுத்தான். வேறை ஆற்றை?”

ஒட்டிய ரியூப்புக்குக் காற்றடிக்கக்கூட மறந்து சைக்கிளை உருட்டிக்கொண்டு வீட்டுக்கு வந்துவிட்டேன்.

குரல் உன்னுடையது. சொற்கள் அராலிக் கரையில் வலை இழுக்கும் உன் ஆட்களுடையவை. அதை நான் என்றைக்கும் மறுக்கவில்லை. ஆனால் அந்த வலைப் பாட்டுக்குக் கிற்றாரும் ட்றம்மும் சேர்த்து றொக் இசையாகச் செய்யலாம் என்று இந்த ஊரில் யாருக்குத் தோன்றியது? ஏரம்பு ட்றம் அடித்தான், நான் கிற்றார் வாசித்தேன். பிறகு மூன்று மாதம், தனித்தனியாகப் பதிந்த நாலு தடங்களையும் ஏற்றியும் இறக்கியும் கலந்தது யார்? அந்தக் கசற்றைக் கேட்ட ஒவ்வொருவரும் “பக்கத்திலை நிண்டு பாடுறமாதிரிக் கிடக்கு” என்றார்கள். அந்தப் ‘பக்கத்திலை’ தானாக வந்ததென்று நினைக்கிறாயா?

எண்பத்தாறு நல்லூர்த் திருவிழாவுக்குப் பிறகு நீ வரவில்லை. கலவை செய்யும்போது பாடியவன் பக்கத்தில் இருக்க வேண்டும் என்று இரண்டு முறை சொல்லி அனுப்பினேன். உன் பாட்டுக் கொப்பியைக்கூட எடுக்க வரவில்லை. அது இன்னும் என் மேசையில் கிடக்கிறது. பிறகு பட்டணத்தில் வேறொரு இடத்தில் சினிமா மெட்டுக்குப் பாடுகிறாய் என்று கேள்விப்பட்டேன். வெளிநாடு போகும்போது சந்தியில் நின்ற நாய்க்குக்கூடச் சொல்லிவிட்டுப் போனாயாம். எனக்குச் சொல்லவில்லை.

நான் பேராதனையில் பௌதிகவியல் படித்தவன். எனக்கு இரண்டு வருடம் பிந்திப் படித்தவன் இன்று அதிபராக இருந்து என் வரவுப் புத்தகத்தில் கையெழுத்து வைக்கிறான். மூன்று வருடமாக மின்சாரம் இல்லாத ஊரில், மின்னோட்டம் என்றால் என்ன என்று பிள்ளைகளுக்குப் படிப்பிக்கிறேன். நாற்பத்தெட்டு வயதில் திரும்பிப் பார்த்தால், நான் சரியாகச் செய்து முடித்தது அந்த நாலு நிமிடம் மட்டும்தான். அதையும் வேறு யாருடைய பெயரிலாவது வெளியிடப் போகிறாய் என்றால் நேரே எழுது.

மூலப் பதிவுகள் என்னிடம்தான் இருக்கின்றன. பிஸ்கற் தகரப் பேணியில் அரிசி போட்டு, ஈரம் ஏறாமல் வைத்திருக்கிறேன். அவை இல்லாமல் உன் வெள்ளைக்காரன் ஒன்றும் செய்ய முடியாது.

சீவரத்தினம்


பேர்கன், நோர்வே
30.07.1993

அன்புள்ள மாஸ்டருக்கு,

உங்கள் கடிதம் இரண்டரை மாதம் கழித்து வந்தது. பரவாயில்லை, கோபம் ஆறாமல்தான் வந்து சேர்ந்தது.

நாங்கள் சுகம். நான் இங்கே மீன் தொழிற்சாலையில் வேலை செய்கிறேன். மீன் ஐஸோடு வரும், தோலில்லாமல் போகும். அதன் முகத்தை நாங்கள் பார்ப்பதில்லை. பக்கத்து மேசையில் ஆர்னே என்று ஒருவன் நிற்கிறான். பகலில் மீன் வெட்டுவான். மற்ற நேரத்தில் தன் வீட்டு நிலவறையில் பாட்டுப் பதிவான். அவனும் அவர்களுடைய பழைய மீன்பிடிப் பாட்டுகளுக்குக் கிற்றார் சேர்க்கிறவன்.

மாசி மாதம் அவன் எங்கள் வீட்டுக்குச் சாப்பிட வந்தான். என் மனைவி பெர்னடெட் சமைக்கும்போது எங்கள் கசற்றைப் போட்டுவிட்டாள். அவன் கரண்டியை வைத்துவிட்டு எழுந்து போய் றேடியோவுக்குப் பக்கத்தில் குந்தி இருந்துவிட்டான். “இதில் யந்திரமே தெரியவில்லை, யார் செய்தது?” என்று கேட்டான். உங்கள் பெயரைச் சொன்னேன். திருப்பிச் சொல்லிப் பார்த்தான். அவன் வாயில் அது வரவில்லை.

அவனுக்கு அதைப் புதிதாகக் கலந்து சின்ன இசைத்தட்டாக வெளியிட ஆசை. கூடுதலாக எதுவும் சேர்க்கமாட்டானாம், இயற்கையாக இருக்க வேண்டுமாம். ஆனால் கசற் தேய்ந்துபோனது. நாலு தடங்களும் தனித்தனியே வேண்டும். உங்கள் பெயர் கட்டாயம் வரும். அதோடு, அந்தப் பாட்டை எப்படிப் பதிந்து கலந்தீர்கள் என்று ஒரு பக்கம் எழுதித் தரும்படி கேட்கிறான். நான் மொழிபெயர்ப்பேன், தட்டோடு அச்சடிப்பார்கள்.

நான் ஏன் வரவில்லை என்று கேட்டிருக்கிறீர்கள். அதை இப்போது விடுவோம். நீங்கள் கலந்தது நன்றாக இருந்தது. அதைச் சொல்லாமல் வந்தது என் பிழை.

ஒன்றே ஒன்று. அந்த அலைச் சத்தம். கேட்கும்போதெல்லாம் பெர்னடெட் சிரிக்கிறாள். “உந்தக் கடல் எங்காலை வந்தது? எங்கடை பரவைக்கடலிலை முழங்காலுக்குத்தானே தண்ணி. அலை அடிச்சால் நாங்கள் பயந்து ஓடியிருப்பம்” என்கிறாள்.

உங்கள் அம்மா சுகமா?

கனிசியஸ்


மானிப்பாய்
20.10.1993

கனிசியஸுக்கு,

நீக்கிலாப்பிள்ளையின் மகள் கத்தரீனா கிளாலியில் படகேறிக் கொழும்புக்குப் போகிறாள். பதிவுகளைப் பொலித்தீனில் சுற்றி, பனங்கிழங்கு ஒடியல் மாவுக்குள் புதைத்துக் கொடுத்திருக்கிறேன். சோதனைச் சாவடியில் மாவைக் குத்திப் பார்த்தால் என்ன செய்வாய் என்று கேட்டேன். “கூழ் காய்ச்சப் போறன் எண்டு சொல்லுவன், மாஸ்டர். அவங்களுக்கும் ஒரு சிரட்டை தாறன் எண்டு சொல்லுவன்” என்றாள். உங்கள் வீட்டுப் பெண்களுக்குப் பயம் என்பதே இல்லை.

தடம் ஒன்று கிற்றார். இரண்டு ட்றம். மூன்று உன் குரல். நாலு கடல். உன் மனைவி சிரிக்கட்டும். அந்த அலையை நான் வல்வெட்டித்துறை வரைக்கும் சைக்கிளில் போய்ப் பதிந்து வந்தேன். கடற்பாட்டு என்றால் கேட்கிறவன் காது அலையை எதிர்பார்க்கும். அவனுக்கு உங்கள் கரையில் எவ்வளவு தண்ணீர் என்று தெரியாது.

கேட்ட பக்கம் இதோ. ஒரு சொல்லும் குறைக்காமல் மொழிபெயர்க்கவும். பெயருக்குப் பின்னால் என் பட்டத்தையும் போடவும்.

“இயற்கையான ஒலி என்பது சும்மா விடுவதால் வருவதல்ல. அதற்குக் கூடுதல் உழைப்பு வேண்டும். என் முதல் விதி: எதையும் கூட்டுவதற்கு முன் குறைத்துப் பார். குரல் எடுபடவில்லை என்றால் குரலை உயர்த்தாதே. அதன் இடத்தை அடைத்து நிற்பது எது என்று பார். இந்தப் பாட்டில் அது கிற்றாரின் அடி நாதம். அதைக் குறைத்தவுடன் பாடகரின் நெஞ்சுக் குரல் தானாக முன்னுக்கு வந்தது. ட்றம்மின் கூரான ஓசையை மழுக்கினேன். தூரத்தில் இருக்கும் ஓசைக்குக் கூர் இராது, அதனால் அது பின்னால் போய் நின்றது. எதிரொலி யந்திரம் எதையும் பாவிக்கவில்லை.

எல்லாவற்றிலும் முக்கியமானது குரலைப் பதிந்த இடம். அறைச் சுவர்கள் குரலைத் திருப்பி அனுப்பிக் கெடுக்கும். எனவே மூன்று வாரப் பரிசோதனைக்குப் பின், பாடகரைத் திறந்த முற்றத்தில் நிறுத்தி, மைக் கம்பியை யன்னலூடாக வெளியே கொண்டுபோய்ப் பதிவது என்று தீர்மானித்தேன். வாத்தியங்கள் உள்ளே, குரல் வெளியே. இது முற்றிலும் விஞ்ஞானபூர்வமான தெரிவு.”

இதைப் படித்தால் உன் ஆர்னேக்கு விளங்கும்.

சீவரத்தினம்


பேர்கன்
16.01.1994

மாஸ்டருக்கு,

பதிவுகள் ஒடியல் மணத்தோடு பத்திரமாக வந்து சேர்ந்தன. ஆர்னே ஒவ்வொரு தடமாகத் திறந்து கேட்டான். நானும் பெர்னடெட்டும் நிலவறையில் அவனுக்குப் பக்கத்தில் இருந்தோம். முதலில் அவன் கடலை நிறுத்தினான்.

கடல் நின்றவுடன் இரண்டு கேள்வி கேட்டான்.

முதலாவது: “பாடுகிறவர் வெளியில் நிற்கிறார். மற்றவர்கள் ஒரு அறைக்குள் இருக்கிறார்கள். நடுவில் சுவர் கேட்கிறது. ஏன் அப்படி? நான் இவர்களை ஓரிடத்தில் சேர்க்க வேண்டும். இவரை உள்ளே கூப்பிடவா, அவர்களை வெளியே கூப்பிடவா?”

இரண்டாவது: “பாட்டுத் தொடங்க முன்னம் உள்ளேயிருந்து ஒருவர் ஏதோ சொல்கிறாரே, அது என்ன?”

குரல் தடத்தை முதலிலிருந்து போட்டான். மூன்று தரம் போட்டான். மாஸ்டர், அது உங்கள் குரல். அலைக்குக் கீழே இவ்வளவு காலமும் கிடந்திருக்கிறது.

“கனிசியஸ், யன்னல் விளிம்பிலை கை வையாதை. அங்காலை தள்ளி நில்.”

மைக்கைப் பற்றிச் சொல்கிறார் என்று ஆர்னேயிடம் பொய் சொன்னேன். பெர்னடெட்டிடம் அந்தப் பொய் எடுபடுமா? அவளும் அதே கரையில் பிறந்தவள். வீட்டுக்கு வந்து கதவைத் திறக்கும்போது கேட்டாள்: “எத்தினை நாள் உப்பிடி வெய்யிலுக்கை நிண்டனீங்கள்?”

ஒன்பது சனிக்கிழமை. எண்ணிப் பார்த்துச் சொன்னேன்.

நீங்கள் எழுதிய மூன்று வாரப் பரிசோதனை எனக்கு ஞாபகமில்லை. வெய்யில் ஞாபகம் இருக்கிறது. கிற்றார் கேட்கக் காதில் மாட்டிய கருவி சூடேறிக் காதைச் சுட்டது ஞாபகம் இருக்கிறது. சாதி பார்க்கிற வீடு என்று தெரிந்துதான் வந்தேன். மாஸ்டர் அப்படியில்லை, அவர் அம்மாவுக்காகத்தான் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். பாட்டு நன்றாக வருகிறது, அது போதும் என்று நின்றேன்.

நான் ஏன் வரவில்லை என்ற கேள்விக்கு இப்போது பதில் சொல்கிறேன். நல்லூர்த் தேர் அன்று உங்கள் அம்மா கோயிலுக்குப் போய்விட்டார். “இண்டைக்கு உள்ளை வா, கனிசியஸ். றோட்டிலை சனம், வெளியிலை பதிய ஏலாது” என்றீர்கள். அன்றைக்குத்தான் முதன்முதலாக உங்கள் வீட்டு நடுக்கூடத்தில் நின்று பாடினேன். நீங்கள் எதிரே கதிரையில் இருந்து கிற்றார் வாசித்தீர்கள். இரண்டு பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டு பாட்டைக் கொண்டுபோனோம். எனக்கு அதுதான் பாட்டு. மற்றதெல்லாம் யன்னலோடு கதைத்தது.

முடித்துவிட்டுச் சந்திவரை வந்தபிறகுதான் கொப்பியை விட்டுவிட்டு வந்தது தெரிந்தது. திரும்பி வந்தேன். படலையும் கூடத்துக் கதவும் திறந்திருந்தன. நீங்கள் சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு, வாளியும் தும்புத்தடியுமாக நின்றீர்கள். படியால் மஞ்சள் தண்ணீர் வழிந்து வந்தது. நான் நின்று பாடிய இடத்தைத் தேய்த்துக் கழுவிக்கொண்டிருந்தீர்கள். நன்றாக அழுத்தித் தேய்த்தீர்கள்.

பத்து எண்ணுகிற நேரம் நின்றேன். நீங்கள் நிமிரவில்லை. நான் போய்விட்டேன்.

அந்தப் பக்கத்தை என்னால் மொழிபெயர்க்க முடியாது. வேறொன்று எழுதுங்கள். இல்லாவிட்டால் வெறுமையாக விடுகிறோம். ஆர்னேயின் கேள்விக்கும் நீங்களே பதில் சொல்லுங்கள். என்னை உள்ளே கூப்பிடுவதா, உங்களை வெளியே கூப்பிடுவதா?

கனிசியஸ்


மானிப்பாய்
02.03.1994

கனிசியஸுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. நீ பார்த்தாய் என்பது எனக்குத் தெரியாது. தெரிந்திருந்தால் அன்றே விளக்கியிருப்பேன்.

என் அம்மாவை உனக்குத் தெரியும். பழைய காலத்து மனுசி. வீடு அவருடைய பெயரில். தேர் பார்த்துவிட்டு வந்து, யாராவது சொல்லி அறிந்திருந்தால், ஒரு மாதத்துக்கு அடுப்பு எரிந்திராது. பெற்ற தாய்க்கும் சிநேகிதனுக்கும் இடையில் அகப்பட்டவன் என்ன செய்வான்? எனக்கு அந்த நம்பிக்கை எதுவும் இல்லை. உன் வீட்டில் நண்டுக்கறியோடு சோறு தின்றவன் நான். அதை மறந்துவிட்டாயா?

அவருக்கு இப்போது எழுபத்தொன்பது வயது. ஒரு முதிய பெண்ணை ஊருலகம் தூற்றும்படி எதையும் அச்சடிக்க வேண்டாம். ‘வீட்டுச் சூழ்நிலை காரணமாகக் குரல் முற்றத்தில் பதியப்பட்டது’ என்று போடு. அது போதும். பொய்யும் இல்லை.

உள்ளே கூப்பிடச் சொல். யந்திரத்தால் அது இலேசு.

சீவரத்தினம்


மானிப்பாய்
19.03.1994

கனிசியஸ் அவர்களுக்கு,

முந்திய கடிதம் கிளாலி கடந்துவிட்டது. அதை மறித்துப் பிடிக்க வழியில்லை. அதை வாசித்திருந்தால் இதையும் வாசியும். வாசிக்காவிட்டால் இதை மட்டும் வாசியும்.

அந்தக் கடிதத்தைக் கொடுத்துவிட்டு வந்த அன்று, அம்மா விறாந்தையில் இருந்து வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார்.

“ஆருக்கு உவ்வளவு பெரிய கடிதம்?”

“கனிசியஸுக்கு. அராலியிலையிருந்து வந்து பாடுறவன். ஞாபகம் இருக்கோ?”

“ஓம், ஓம். நல்ல குரல். கறுவல் பெடியன். மதில் பக்கம் நிண்டு பாடுவான்.” கொஞ்ச நேரம் உரித்தார். “அவனை ஏன் வெய்யிலுக்கை விட்டனி? நான் அப்பவே யோசிச்சன்.”

“நீங்கள் ஏன் அப்ப கேக்கேல்லை?” என்றேன்.

“நீ படிச்சவன். பாட்டுப் பதியிறதுக்கு அப்பிடித்தான் நிக்கவேணுமாக்கும் எண்டு இருந்திட்டன்.”

“உள்ளை கூப்பிட்டிருந்தால் என்ன சொல்லியிருப்பியள்?”

அம்மா வெங்காயத் தோலை ஊதித் தள்ளினார். நேரே என்னைப் பார்த்தார்.

“வேண்டாம் எண்டு சொல்லியிருப்பனோ என்னவோ. தெரியாது. நீ கேட்டால்தானே தெரியும். நீ கேக்கேல்லை.”

அவ்வளவுதான். பிறகு அவர் எழுந்து குசினிக்குப் போய்விட்டார்.

நான் கேட்கவில்லை. அதுதான் நடந்தது. ஒரு நாளும் கேட்கவில்லை. முதல் சனிக்கிழமை நீர் படலையைத் திறந்துகொண்டு வந்தபோது, அம்மா உள்ளே படுத்திருந்தார். நான் எழுந்து மைக் கம்பியை யன்னலால் வெளியே போட்டேன். ஒருவரும் எனக்குச் சொல்லவில்லை. என் கை தானாகச் செய்தது. பௌதிகவியல் காரணத்தை அதற்குப் பிறகுதான் தேடிக் கண்டுபிடித்தேன். தேடினால் எதற்கும் ஒரு காரணம் கிடைக்கும். என் படிப்பு அதற்கு நன்றாக உதவியது.

தேர் அன்று வீட்டைக் கழுவச் சொன்னதும் ஒருவருமில்லை. நீர் போனவுடன் கூடம் மிகவும் அமைதியாக இருந்தது. பாட்டு நன்றாக வந்திருந்தது, எனக்குச் சந்தோஷம். அந்தச் சந்தோஷத்தோடுதான் எழுந்துபோய் மஞ்சளைக் கரைத்தேன். அதுதான் எனக்கு இப்போது தாங்க முடியாமல் இருக்கிறது. கோபத்தோடு செய்திருந்தால், பயத்தோடு செய்திருந்தால், ஏதாவது சொல்லலாம். நான் வாய்க்குள் உமது பாட்டை முணுமுணுத்துக்கொண்டே கழுவினேன்.

அம்மா வந்து “ஏன் வீடு ஈரமாக் கிடக்கு?” என்று கேட்டார். பூனை அசுத்தம் செய்துவிட்டது என்றேன்.

அன்று கூடத்தில் பதிந்ததை அழித்தேன். சுவர் எதிரொலிக்கிறது, இயற்கையாக இல்லை என்று ஏரம்புவிடம் சொன்னேன். அது பொய். பதிந்த எல்லாவற்றுள்ளும் அதுதான் சிறந்தது. அதைப் போட்டுக் கேட்டால் ஈரத் தரை கண்ணுக்கு வந்தது. அதனால் அழித்தேன். கடைசியில் முற்றத்துக் குரலும் கூடத்துக் கிற்றாரும்தான் மிச்சம். எவ்வளவு கலந்தாலும் நடுவில் அந்தச் சுவர் எனக்குக் கேட்டது. அதை மூடத்தான் வல்வெட்டித்துறைக்குப் போனேன். கேட்கிறவனுக்காக என்று எழுதினேனே, அதுவும் பொய். எனக்காகத்தான் அந்தக் கடல்.

நண்டுக்கறி சாப்பிட்டது உண்மை. அதைத் திரும்பி வந்து வீட்டில் ஒருவருக்கும் சொல்லவில்லை என்பதும் உண்மை.

நீர் ஏன் வரவில்லை என்று ஏழு வருடம் உம்மீது கோபம் வைத்திருந்தேன். அதிபர் மீது, அரசாங்கத்தின் மீது, உம்மீது. என்னிடம் கோபங்களின் வரிசை ஒன்று இருக்கிறது. அதில் என் பெயர் இல்லாமல் பார்த்துக்கொண்டேன்.

இப்போது ஒன்று கேட்கிறேன், மறுக்க வேண்டாம். யன்னல் விளிம்பில் கை வைக்காதே என்று நான் சொல்வதை அழிக்க வேண்டாம். பாட்டின் தொடக்கத்தில் அப்படியே இருக்கட்டும். அதற்குக் கீழே அர்த்தமும் என் முழுப் பெயரும் அச்சடியுங்கள். பட்டம் வேண்டாம். இந்தக் கடிதத்தில் எழுதியதை என் பக்கமாகப் போடுங்கள். வாங்குகிற ஒவ்வொருவரும் முதலில் என்னைக் கேட்கட்டும். எனக்கு வேறு வழியில் இதை இறக்கி வைக்கத் தெரியவில்லை.

மன்னிப்புக் கேட்கிறேன். அந்தச் சொல்லை எழுதவே மூன்று தாள் கிழித்தேன். இந்த ஊரில் இப்போது தாள் கிடைப்பது கஷ்டம்.

சீவரத்தினம்


பேர்கன்
28.06.1994

மாஸ்டருக்கு,

இரண்டு கடிதமும் ஒரே நாளில் வந்தன. பெர்னடெட் பிந்தியதை முதலில் உடைத்துவிட்டாள். அது நல்லதாய்ப் போயிற்று. முந்தியதை முதலில் வாசித்திருந்தால் மற்றதை நான் உடைத்திருக்க மாட்டேன்.

இரண்டு வாரம் பதில் எழுதாமல் வைத்திருந்தேன். தொழிற்சாலையில் கத்தி இரண்டு தரம் கையில் பட்டது. மேற்பார்வையாளன் “உனக்கு வீட்டில் என்ன பிரச்சினை?” என்று கேட்டான். வீட்டில் இல்லை என்றேன்.

மாஸ்டர், நீங்கள் கேட்டதை நான் செய்யமாட்டேன்.

பெர்னடெட் முதலில் செய்யச் சொன்னாள். “கேக்கட்டும். எல்லாரும் கேக்கட்டும்” என்றாள். ஆர்னேயும் உண்மையை அறிந்தபிறகு, அந்த வரி இருந்தால் தட்டுக்கு ஒரு கனம் வரும் என்றான். நிலவறையில் போட்டுக் கேட்டோம். முதலில் உங்கள் குரல், பிறகு என் பாட்டு. கேட்டு முடிந்ததும் ஆர்னே உங்களைப் பற்றித்தான் கதைத்தான். எவ்வளவு துணிச்சல், எவ்வளவு நேர்மை, தன்னைத் தானே இப்படிக் காட்ட யாரால் முடியும் என்றான். அரை மணித்தியாலம். பெர்னடெட் என் முகத்தைப் பார்த்தாள். “வேண்டாம், எடுத்துவிடு” என்று அவளே அவனிடம் சொன்னாள்.

விளங்குகிறதா? அந்த வரியை முன்னால் வைத்தால் பாட்டு உங்களுடையதாகிவிடும். வாங்குகிறவன் முதலில் உங்களைக் கேட்பான், உங்கள் பக்கத்தை வாசிப்பான், உங்களுக்காக வருத்தப்படுவான். அதற்குப் பிறகு நான் பாட வேண்டும். திரும்பவும் உங்களுக்குப் பின்னால். திரும்பவும் வெளியில்.

அது எங்கள் ஆட்கள் முழங்கால் தண்ணீரில் நின்று பாடிய பாட்டு. உங்கள் வெட்கத்தை இறக்கி வைக்கிற இடம் அது இல்லை. அதை நீங்களே வைத்திருங்கள். நான் கோபத்தில் சொல்லவில்லை. ஏழு வருடம் நான் வைத்திருந்தேன், ஒருவருக்கும் காட்டாமல். வைத்திருக்க முடியும்.

மன்னிப்பைப் பற்றி இப்போது ஒன்றும் சொல்லத் தெரியவில்லை. சொல்ல வந்தால் எழுதுவேன். அம்மா சொன்னதை இரண்டு தரம் வாசித்தேன். உள்ளே விட்டிருப்பேன் என்று அவர் சொல்லவில்லை. தெரியாது என்றார். அவரோடு எனக்கு ஒரு வழக்கும் இல்லை.

கொப்பியை நீக்கிலாப்பிள்ளை மாமாவிடம் கொடுத்துவிடுங்கள். கடையில் அல்ல. வீட்டுக்குக் கொண்டுபோய், உள்ளே போய் இருந்து, கொடுத்துவிட்டு வாருங்கள். மாமி தேத்தண்ணி தருவா. குடியுங்கள்.

தட்டில் உங்கள் பக்கம் இல்லை. ஒரு வரி இருக்கிறது: ‘முதல் ஒலிக்கலவை, 1986: சீவரத்தினம்.’ அது உண்மை, அதனால் போட்டோம். கிற்றாரின் அடியைக் குறைத்து என் நெஞ்சுக்கு இடம் விட்டீர்களே, ஆர்னே அதில் கை வைக்கவில்லை. அதைவிட நன்றாகச் செய்ய அவனுக்குத் தெரியாதாம்.

கடலை எடுத்துவிட்டோம். எங்கள் கடல் சத்தம் போடாது.

பிறகு ஆர்னே கேட்டான், உங்களிடமிருந்து பதில் வந்துவிட்டதா, உள்ளே கூப்பிடவா என்று. ஒரு குமிழைத் திருப்பினால் நான் கூடத்துக்குள் வந்துவிடுவேனாம். திருப்பிக் காட்டினான். வந்தேன். உங்கள் கிற்றாருக்குப் பக்கத்தில், அழகாக, சுவர்கள் என் குரலைத் திருப்பித் தர, நின்றேன். கேட்டுக்கொண்டே இருந்தோம். வேண்டாம் என்றேன்.

நான் நின்ற இடத்திலேயே நிற்கிறேன். அவர்களை இங்கே கூட்டி வா என்றேன்.

இரண்டு நாள் எடுத்தது. நான் மூச்சு வாங்குகிற இடங்களில் முற்றம் தனியே கேட்கிறது: காகம், பனையோலை, றோட்டில் ஒரு சைக்கிள் மணி. அதைத் துண்டு துண்டாக எடுத்து ஒட்டி, உங்கள் கிற்றாருக்கும் ஏரம்புவின் ட்றம்முக்கும் அடியில் விரித்தான். அறையின் ஓசையைக் குறைத்தான். இப்போது நீங்கள் எல்லோரும் வெளியில் நிற்கிறீர்கள், மாஸ்டர். ஏரம்பு கிணற்றடிப் பக்கம். நீங்கள் எனக்கு இடது கைப் பக்கம், நாலடி தூரத்தில். நடுவில் ஒன்றும் இல்லை.

உங்கள் குரலை எடுத்த இடத்தில் வேறு குரலோ வாத்தியமோ வைக்கவில்லை. தட்டுச் சுற்றத் தொடங்கினால் நாலு விநாடி வெறும் முற்றம் கேட்கும். பிறகு நான் பாடுகிறேன்.

கனிசியஸ்